பெயரறியா ஊசி: ஊவாத் தோட்டங்களில் கருத்தடை ஓமோன்

மலையகத்தின் சமூக வரலாற்றை ஆராய்ந்தோர் சம்பளத்திற்கும் குடியுரிமைக்கும் அளித்த இடத்தை மருந்திற்கு அளித்தாரல்லர். பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களின் லயங்களில் "ஊசி" என்ற ஒற்றைச் சொல்லால் அறியப்பட்ட கருத்தடை ஓமோனின் கதை இக்குறைக்குத் தக்க சான்றாகும்.

டெப்போ-புரொவெரா எனப்படும் இம்மருந்து 150 மில்லிகிராம் அளவில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தசையில் ஏற்றப்படுவது. இதனைக் கருத்தடை மருந்தாக அங்கீகரிக்குமாறு அமெரிக்காவின் அப்ஜோன் கம்பனி 1967இல் விண்ணப்பித்தது. பீகிள் இன நாய்களில் மார்புக் கட்டிகள் தோன்றியமை முதலான காரணங்களால் அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் 1978இல் அனுமதி மறுத்தது. 1992இலேயே அனுமதி வழங்கிற்று. ஆயின் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் 1965 முதலே இம்மருந்து பெருமளவில் ஏற்றப்பட்டு வந்தது. பிறந்த நாட்டில் ஐயத்திற்குரியதாயிருந்த மருந்து ஏழை நாட்டுப் பெண்களுக்கு ஏற்றதெனக் கொள்ளப்பட்டமை கவனத்திற்குரியது.

இலங்கையில் 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றிற்று. 1965இல் அரசே இப்பணியை ஏற்றது. பின்னர் இவ்வூசியும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. தோட்டத்தில் அது எளிதில் ஏற்கப்பட்டமைக்குக் காரணம் தோட்ட வாழ்வின் அமைப்பேயாகும். ஒரு நாள் வேலை பதியப்படுவதை அங்கே "பேர்" என்பர். மலைச்சரிவிலிருந்து இறங்கிப் பதுளை வைத்தியசாலைக்குச் சென்று மீளும் பெண்ணுக்கு அன்றைய பேர் இல்லை. நாள்தோறும் மறவாது விழுங்கவேண்டிய மாத்திரையிலும், ஆண்டிற்கு நான்கு முறை மட்டும் பெறும் ஊசி அவளுக்கு இலகுவானது. கணவனுக்கோ மாமிக்கோ தெரியாமலும் பெறத்தக்கது. இதனை மறுத்துரைப்பது நேர்மையாகாது. எனினும் நிருவாகத்திற்கும் அது இலகுவாயிருந்தது என்பதை மறத்தலாகாது. கோப்பிக் காலத்தில், 1872இல் இயற்றப்பட்ட மருத்துவச் சட்டம் முதற்கொண்டே தோட்ட மருத்துவம் தொழிலாளியின் உடலை உழைப்பின் கணக்கோடு இணைத்தே நோக்கி வந்துள்ளது. கருவளக் கட்டுப்பாடு அக்கணக்கிற்குப் புறம்பானதன்று. 1980இல் கருத்தடைச் சத்திர சிகிச்சைக்குப் பணம் வழங்கும் முறை தொடங்கிற்று. அத்தொகை பின்னர் 500 ரூபா வரை உயர்ந்தது. நாட்கூலியில் வாழ்பவளிடம் அத்தொகையை நீட்டிவிட்டு, விரும்பியே வந்தாள் என்று பதிவேட்டில் எழுதுதல் எவ்வாறு பொருந்தும்?

ஊசிக்குப் பணம் நீட்டவேண்டிய தேவையும் இருக்கவில்லை. விளக்கம் தராதிருத்தலே போதுமாயிருந்தது. மருத்துவரும் தாதியரும் பெரும்பாலும் சிங்களம் பேசுவோர். தோட்டப் பெண் தமிழ் மட்டும் அறிந்தவள். மாதவிடாய் ஒழுங்கு குலைதல், சில வேளை அறவே நிற்றல், ஊசியை நிறுத்திய பின்னரும் கருத்தரிக்கப் பத்து மாதமளவில் செல்லுதல் ஆகியன சில சொற்களில் உணர்த்தத்தக்கவை. உணர்த்தாவிடத்து, அடுத்த பிள்ளையை விரும்பி ஊசியை நிறுத்தியவள் மலடியென ஏச்சுக் கேட்கவும் நேரும். இது மலையகத்திற்கு மட்டும் உரிய குறையன்று. 1985இல் ஆந்திரத்தின் படான்செருவில் இதனையொத்த நெற்-என் என்னும் ஊசி பரிசோதிக்கப்பட்டபோது, அது பரிசோதனை என்பதே பெண்கள் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. மகளிர் அமைப்பினர் 1986இல் இந்திய உச்ச நீதிமன்றத்தை நாடினர். மலையகத்தில் அத்தகைய வழக்கு எழவில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகத்தின் பெண்கள் மன்றேறுதல் எளிதன்று.

அந்நாளைய அச்சங்கள் யாவும் மெய்ப்படவில்லை என்பதையும் கூறல் வேண்டும். நாய்களிற் கண்ட கட்டிகளை வைத்து மனிதருக்கு முடிவு கூறவியலாது எனப் பின்னர் ஏற்கப்பட்டது. இரத்தச்சோகை மிகுந்த தோட்டப் பெண்களுட் சிலருக்கு உதிரப்போக்குக் குறைதல் நன்மையாகவும் அமையலாம். ஆனால் புதிய ஐயங்களும் தோன்றின. எலும்பின் கனிமச் செறிவு குறைதல் பற்றி 2004இல் அமெரிக்க நிருவாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2024இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்று, இவ்வூசியை ஓராண்டிற்கு மேல் பெற்றோரிடம் சத்திர சிகிச்சை வேண்டிய மூளையுறைக் கட்டி ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 5.6 மடங்கு எனக் கண்டது. அக்கட்டி அரிதானதே. ஆயினும் தீராத் தலைவலியோடு பதுளைக்குச் செல்லும் பெண், மருத்துவர் வினவும்போது தான் பெற்ற மருந்தின் பெயரைக் கூறவேண்டும். அவளிடம் உள்ளதோ "ஊசி" என்ற சொல் மட்டுமே.