காலையில் மட்டும் புகை: பழைய மோட்டார் சைக்கிளில் எங்கே கோளாறு?

விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும்போது பழைய ஹோண்டா இஎக்ஸ்5 புகை கக்கினால், என்ஜின் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முதலில் நிறத்தைப் பாருங்கள்.

லேசான வெள்ளை ஆவி சற்று நேரத்தில் மறைந்தால், அது புகைக்குழாயில் இரவு தேங்கிய ஈரம். கரும்புகை என்றால் சோக்கை இழுத்தே வைத்திருக்கலாம்; ஏர் ஃபில்டரும் அடைத்திருக்கலாம்.

கவலைப்பட வேண்டியது நீலப் புகைக்குத்தான். அங்கே என்ஜின் எண்ணெய் எரிகிறது. முதல் ஓரிரு நிமிடம் வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல் காய்ந்து இறுகியிருக்கும். இரவில் வால்வுத் தண்டு வழியே கசிந்த எண்ணெய் காலையில் எரிகிறது. என்ஜின் சூடான பிறகும், முறுக்கும்போதெல்லாம் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம். சீல் மாற்றுவதற்கு சிலிண்டரை போரிங் செய்யத் தேவையில்லை. செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. எனவே பட்டறையில் முதலில் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்கும்போது அழுத்தம் நன்றாகக் கூடினால், கோளாறு ரிங் பக்கம்தான்.

யமஹா ஆர்எக்ஸ்-இசட் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. எண்ணெயை எரிப்பதே அவற்றின் இயல்பு. கியர் எண்ணெய் குறைந்துகொண்டே போனால் மட்டும் கிராங்க் சீலைப் பார்க்க வேண்டும்.

இஎக்ஸ்5-இல் ஊற்றும் எண்ணெய் ஒரு லிட்டருக்கும் குறைவு. பழுது பார்க்கும்வரை வாரம் ஒருமுறையாவது அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் வற்றி என்ஜின் இறுகினால், ஓடும்போதே பின்சக்கரம் நின்றுவிடக்கூடும்.