இடுப்பு, தூளி, தள்ளுவண்டி

மலருக்கு வரலாறு எழுதித் தாங்கன்னு கேட்டாங்க. ராஜாக்கள் கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் நாம பிள்ளை தூக்கின கதையை எழுதுகிறேன்.

நம்ம காவிரி கடலில் சேரும் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் சங்க நூல் பட்டினப்பாலை. அதில் ஒரு காட்சி வரும். முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வரும் கோழியை விரட்ட, பெண்கள் காதுக் குழையைக் கழற்றி எறிவார்கள். அது பிள்ளைகள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேருக்கு வழியில் தடையாகக் கிடக்கும். நம்ம வீட்டு நடைவண்டிக்கும் மூணு சக்கரம்தானே! பிள்ளைத்தமிழில்கூட ஆண்பிள்ளைக்குச் சிறுதேர்ப் பருவம் உண்டு. பெண்பிள்ளைக்கு ஊஞ்சல்தான். அதை அப்பவே யாரும் கேட்கவில்லை போல.

ஆக, இங்கே வண்டியைத் தள்ளியது பிள்ளை. பிள்ளையைச் சுமந்தது தாயின் இடுப்பு. தூங்க வைத்தது பழைய சேலைத் தூளி.

பிள்ளை உட்கார, வேறொருவர் நகர்த்தும் வண்டி இங்கிலாந்தில் வந்தது. 1733-ல் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் செய்தார். அதை இழுத்தது ஆடு அல்லது குட்டிக் குதிரை. 1889-ல் அமெரிக்காவில் வில்லியம் ரிச்சர்ட்சன், பிள்ளை தாய் முகம் பார்க்கும்படி திருப்பி வைக்கிற வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். குடை மாதிரி மடங்கும் லேசான வண்டி 1965-ல் ஓவன் மெக்லாரன் உருவாக்கியது. அவர் விமானச் சக்கர அமைப்பு செய்த பொறியாளர்.

அந்த வண்டிக்குச் சமதரை வேணும். நம்ம ஊரிலோ மலைக்கோட்டைக்கு நானூறுக்கு மேல் படி. பாதி வழியில் தாயுமானவர் சந்நிதி. காவிரி வெள்ளத்தில் தாய் வர முடியாமல் போக, சிவனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார் என்பது கதை. சுகப்பிரசவத்துக்கு வாழைத்தார் நேர்ந்துகொண்டு, பிறகு பிள்ளையை இடுப்பில் வைத்துத்தான் ஏறுகிறோம். ஸ்ரீரங்கத்தில் பெரிய தேர் ஓடும் சித்திரை வீதி அகலம்தான். ஆனால் ஓரத்தில் நிற்கும் பைக்குகளுக்கு நடுவே பிள்ளை வண்டிக்கு இடம் தேடணும்.

என் மருமகளுக்கு ஒரு வண்டி பரிசாக வந்தது. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை, ரொம்ப நல்லது. ஆனா பஸ் படி உயரம். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் மடக்கின வண்டி, பையை எந்தக் கையில் பிடிப்பது? ஒரு வாரத்தில் விட்டுவிட்டாள். நானும் இரண்டு பிள்ளைகளை இடுப்பில் வைத்து, தலையில் கூடையோடு வியாபாரம் பார்த்தவள். அந்த இடுப்புவலி இன்னும் போகலை.

நூறு நாள் வேலைச் சட்டம் வந்தபோது அதில் ஒரு விதி இருந்தது. வேலையிடத்துக்கு வரும் ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தணும், அவருக்கும் கூலி உண்டு. பிள்ளை பார்ப்பதும் வேலைதான்னு எழுத்தில் வந்ததே பெரிசு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி பொதுக் கட்டடங்களில் சாய்தளம் வேணும். சக்கர நாற்காலி ஏறும் இடத்தில் பிள்ளை வண்டியும் ஏறும். நம்ம கூட்டம் நடக்கும் கட்டடத்தில் இன்னும் மூணு படிதான். அடுத்த கூட்டத்தில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன், கையெழுத்துப் போட வாங்க.

மருமகள் விட்ட வண்டி சும்மா இல்லை. மாசாமாசம் ரேஷன் அரிசி அதில்தான் வீட்டுக்கு வருது.