ஈரலில் தங்கிய செம்பு

பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் பைண்டு செய்த தொகுதிகளைப் புரட்டியவர்களுக்கு ஜம்மியின் லிவர் க்யூர் என்ற பெயர் புதிதல்ல. குழந்தைகளின் ஈரல் நோய்க்கென்று சென்னையில் ஜம்மி வெங்கடரமணய்யா தயாரித்த ஆயுர்வேத மருந்து அது. தொடர்கதையைத் தேடிப் போன நான் பல தடவை இந்த விளம்பரத்தில் நின்றிருக்கிறேன். ஒரு மருந்துக்கு இத்தனை காலம் இத்தனை தேவை இருந்ததென்றால் எத்தனை வீடுகளில் அந்த நோய் இருந்திருக்க வேண்டும்! இன்று அதே வீடுகளின் பேரன் பேத்திகளுக்கு அப்படி ஒரு நோய் இருந்ததே தெரியாது.

தஞ்சை ஜில்லாவின் அக்ரஹாரங்களிலும் மிராசுதார் வீடுகளிலும் 'லிவர்' என்றால் உறுப்பின் பெயரல்ல, நோயின் பெயர். 'குழந்தைக்கு லிவர்' என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் பெரும்பாலும் தொடங்கும். குழந்தை காரணமின்றிச் சிணுங்கும், உணவை ஒதுக்கும், வயிறு மெல்ல உப்பும். வைத்தியர் வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்தால் ஈரலின் விளிம்பு இலையின் ஓரம்போல் மெல்லியதாகவும் கெட்டியாகவும் தட்டுப்படும். பிறகு காமாலை, வயிற்றில் நீர். அநேகக் குழந்தைகள் சில மாதங்களில் இறந்துபோயின. ஒரு குழந்தை போன வீட்டில் அடுத்ததும் அதே வயதில் அதே வழியில் போவதுண்டு என்பதுதான் இதன் ஆகக் கொடிய அம்சம்.

இதற்கு அவ்வீடுகளில் காரணம் தேடிய இடங்கள் நமக்குத் தெரிந்தவைதாம். ஜாதகம், நாக தோஷம், முன்னோர் சாபம், எல்லாவற்றுக்கும் முன்னால் தாயின் பால். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்புசாமி என்றும், பிறரிடம் தானமாகப் பெற்றதாகப் பாவித்துப் பிச்சை என்றும் பெயரிட்டார்கள். சிசு மரணத்துக்கு அக்காலத்தில் ஆயிரம் காரணங்கள் இருந்தன. எல்லாக் குப்புசாமிகளுக்குப் பின்னாலும் ஈரல் நோய் இருந்ததென்று சொல்லமாட்டேன். என் பாட்டிக்கு முதல் இரண்டும் 'லிவரில்' போயின. அதற்குப் பின் இருபது வருஷம், தன் பாலில் ஏதோ விஷம் இருந்ததென்றே அவள் நம்பினாள்.

மருத்துவர்களின் தேடலும் நெடுங்காலம் இரத்த உறவையே சுற்றி வந்தது. 1887-இல் கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர் குழந்தைகளின் ஈரல் வீக்கத்தைப் பற்றி எழுதினார். அதன்பின் வந்த பதிவுகள் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றே: நோய் இந்துக்களிடம், அதிலும் தமிழகத்தில் பிராமணக் குடும்பங்களிடம், ஓரளவு வசதியுள்ள வீடுகளில் அதிகம். 1960-இல் சென்னையின் எஸ்.டி. அச்சார், பாலகோபால ராஜு ஆகியோர் ஸ்ரீராமாச்சாரியுடன் சேர்ந்து எழுதிய விரிவான கட்டுரை அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. சாதி, உறவுமுறைத் திருமணம், சைவ உணவு, சத்துக்குறை, கிருமி என்று எல்லாமே ஒரு காலத்தில் சந்தேகிக்கப்பட்டன. வசதியுள்ள வீட்டில் ஏன் அதிகம் என்ற கேள்விக்கு மட்டும் இவற்றில் எதுவும் நேரான பதில் தரவில்லை.

கும்பகோணத்துப் பாத்திரத்தைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். பித்தளையும் வெண்கலமும் இந்த டெல்டாவின் கௌரவம். கல்யாணச் சீரில் தவலை, அண்டா, அடுக்கு, குண்டான் என்று வரிசை வைத்தால்தான் சம்பந்தி வீட்டில் தலைநிமிரலாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளி, தயிர் பட்டால் களிம்பேறும் என்பதை நம் பெண்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அதற்காகவே ஈயம் பூசுபவர் தெருவுக்கு வருவார்; துருத்தி ஊதி, நவச்சாரம் போட்டு, வெள்ளைப் புகைக்கிடையில் பாத்திரத்தின் உட்புறத்தை வெள்ளியாக்கிவிட்டுப் போவார். ரசத்துக்கு முழு வெள்ளீயத்தில் செய்த ஈயச்சொம்பே தனியாக இருந்தது. ஆனால் பால் புளிப்பற்றது, சுத்தமானது. அதற்கு என்ன பயம்? ஈயம் தேய்ந்த பாத்திரத்தில் ரசம் வைக்காத வீட்டில்கூடப் பாலைக் காய்ச்சினார்கள், காய்ச்சியதை அதிலேயே வைத்து மறுபடி சுடவைத்தார்கள்.

பாலின் கேசின் என்ற புரதம் செம்பைப் பற்றி இழுத்து வைத்துக்கொள்ளும். பசும்பால் இயல்பிலேயே செம்பு மிகக் குறைந்த உணவு. பித்தளையில் காய்ந்தபின் அப்படியில்லை. தாய்ப்பால் போதவில்லை என்று முதல் மாதங்களிலேயே சங்கில் பசும்பால் புகட்டப்பட்ட குழந்தைக்கு நாள்தோறும் இந்தச் செம்பு சேர்ந்தது. கூலி வேலைக்குப் போன குடிசையில் பசுவும் இல்லை, பித்தளையும் இல்லை, மண்சட்டிதான். வசதி பற்றிய கேள்விக்கு விடை இதுவாக இருக்கக்கூடும்.

உடலில் மிகுந்த செம்பு வெளியேற ஈரல்வழிப் பித்தநீர் ஒன்றுதான் பிரதான வழி. பிறந்த குழந்தையின் ஈரலில் தாயிடமிருந்து பெற்ற செம்பு ஏற்கனவே நிறைய இருக்கும். அதை வெளியேற்றும் திறனோ முதிர்ந்திருக்காது. அந்நிலையில் மேலும் மேலும் வருவது ஈரல் செல்களுக்குள்ளேயே தங்குகிறது. செல்கள் பலூன்போல் ஊதுகின்றன, உள்ளே மாலரி ஹையலின் என்னும் புரதக் கட்டிகள் திரள்கின்றன, செல்கள் மடிகின்றன. நார்த்திசு ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே சுற்றிக்கொண்டு ஊர்ந்து பரவுகிறது. பாகப்பிரிவினைக்குப் பின் ஒரு வேலி நிலம் வரப்புகளால் துண்டு துண்டாவதுபோல ஈரலின் ஒழுங்கான அமைப்பு நுண்ணிய கணுக்களாகச் சிதறிப்போகிறது. வெட்டினாலும் வளரும் உறுப்பு என்று பெயர்பெற்ற ஈரல் இந்நோயில் அநேகமாக வளரவே முயல்வதில்லை.

இதைக் கண்ணால் காட்டியது ஒரு சாயம். 1978-இல் லண்டன் மருத்துவர்கள் இந்தியக் குழந்தைகளின் ஈரல் திசுவில் ஓர்சீன் சாயமேற்றிக் கரும்பழுப்புத் துகள்களைக் கண்டார்கள். மறு ஆண்டே ஹான்ஸ் பாப்பரும், டெல்லியின் என்.சி. நாயக் உள்ளிட்டோரும் செல்களுக்குள் செம்பு குவிந்து கிடப்பதை எழுதினார்கள். உலர்ந்த ஈரலில் கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்கவேண்டிய செம்பு, இக்குழந்தைகளிடம் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. புனேயில் ஆனந்த் பண்டிட், ஷீலா பாவே ஆகியோருடன் பணியாற்றிய ஸ்டூவர்ட் டானர் 1983-இல் லான்செட் இதழில் பாத்திரத்தின் மேல் விரலைச் சுட்டினார். செம்பைப் பற்றி வெளியேற்றும் பெனிசிலமின் மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால் சில குழந்தைகள் பிழைக்கவும் செய்தன.

இந்தியாவுக்கே உரியதென்று பெயரிலேயே முத்திரை குத்தப்பட்ட நோய் இது. ஆனால் ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதியில் 1900-க்கும் 1974-க்கும் இடையில் 138 குழந்தைகள் இதே போன்ற நோயில் இறந்திருந்ததை 1996-இல் லான்செட்டில் ஒரு கட்டுரை வெளிப்படுத்தியது. அங்கும் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பசும்பால்தான். பாத்திரம் மாறியதும் நோய் நின்றது. அங்கும் சில குடும்பங்களில் மட்டும் திரும்பத் திரும்ப வந்ததால் பரம்பரைக் கூறும் உண்டென்றார்கள். ஆகவே வம்சத்தைச் சந்தேகித்த கிழவர்களும் முழுக்கத் தவறில்லை.

விவகாரம் அத்துடன் முடிந்துவிடவுமில்லை. செம்புத் துகள்களைக் கண்ட அதே நாயக் 2013-இல் சித்தலேயுடன் எழுதிய கட்டுரையில் பாத்திரக் கொள்கையை ஐயத்துக்கு உள்ளாக்கினார். செம்பும், சில செடிகளில் உள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டும் சேர்ந்தால் எலியின் ஈரலில் ஒன்றின் கேட்டை மற்றது பெருக்குகிறது என்று டானர் குழுவே முன்னர் காட்டியிருந்தது. கைவைத்தியமாக எந்தெந்தப் பச்சிலை பாலாடையில் கலந்து உள்ளே போயிற்று என்பதை இனி யார் எழுதி வைத்துத் தரப்போகிறார்கள்? எனக்கென்னவோ பாத்திரத்தின் பக்கமே தராசு தாழ்கிறது.

எப்படியாயினும் 1990-களில் நோய் அரிதாகிவிட்டது. எவர்சில்வர் வந்தது, அவ்வளவுதான். 1980-களில் சேலத்திலேயே துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டத் தொடங்கிவிட்டார்கள். பழைய பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிய மருமகள்களைப் பற்றி நம் இலக்கியப் பக்கங்களில் எத்தனை புலம்பல்! மரபின் அழகை விற்றவர்கள் என்று நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். புளி போட்டுத் தேய்த்துக் கை சலித்துப்போனதும், பளபளப்பின்மேல் ஆசையும்தான் அவர்களின் காரணங்கள். லான்செட்டை அவர்கள் படித்திருக்கவில்லை.

நெடுஞ்சாலைக் கடைகளில் கும்பகோணம் டிகிரி காபி இன்று பித்தளை டவராவில் வருகிறது. வளர்ந்தவர்களின் ஈரல் அந்தச் செம்பைப் பித்தநீரில் தள்ளிவிடும். நானும் நிறுத்திக் குடிக்கிறவன்தான். பாட்டியின் பால் குண்டான் எங்கள் பரணில் இருக்கிறது. சென்ற வருஷம் இறக்கிப் பார்த்தேன். விளிம்புக்குச் சற்றுக் கீழே, பால் பொங்கி எட்டாத உயரத்தில், ஒரு விரற்கடை அகலத்துக்கு மட்டும் ஈயம் மிச்சமிருந்தது.