கட்டளை மொழிகளின் தலைமுறைகள்

வெள்ளவத்தையில், ஹவ்லொக் வீதியருகே இன்று மாடிமனைகள் எழுந்து நிற்கும் நிலத்தில் முன்னர் நூற்பு நெசவாலை இயங்கிவந்தது. 1933ஆம் ஆண்டு அவ்வாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் துணைநின்ற இளைஞருட் பலர் 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர். அந்நிலத்தைக் கடந்து கணினி வகுப்புக்குச் செல்லும் மாணவரைக் காணுந்தோறும் தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவு நம் நினைவுக்கு வரும். 1804ஆம் ஆண்டளவில் பிரான்சில் ஜக்கார்ட் என்பார் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியை இயக்கினார். நெசவாளியின் கையிலிருந்த அறிவு அட்டைக்கு மாறியது. பிற்காலக் கணினிகளும் துளையட்டை வழியாகவே கட்டளை பெற்றன. இயந்திரத்துக்குக் கட்டளையிட வல்லார் யார் என்ற வினா அட்டையோடு கூடவே வந்தது. செய்நிரல் மொழிகளின் வரலாற்றை அவ்வினாவைக் கொண்டே நாம் படித்தல் வேண்டும்.

பாடநூல்கள் இம்மொழிகளை ஐந்து தலைமுறைகளாக வகுக்கின்றன. முதலாவது, சுழியமும் ஒன்றுமாக எழுதப்படும் இயந்திர மொழி. இரண்டாவது, அவ்வெண்களுக்குப் பதிலாகக் குறியெழுத்துக்களை வைக்கும் ஒருங்குசேர் மொழி. 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியில் கூட்டலுக்கு ஓரெழுத்து, கழித்தலுக்கு ஓரெழுத்து என வைத்தனர். எனினும் இவ்விரு மொழிகளையும் கையாளுவோர் குறித்த இயந்திரத்தின் உள்ளமைப்பை நுணுகி அறிந்திருத்தல் வேண்டும். அத்தகையோர் மிகச் சிலரே.

மூன்றாந் தலைமுறை இத்தடையைத் தகர்க்க முனைந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் தலைமையிலான குழு 1957இல் போர்ட்ரான் மொழியை வெளியிட்டது. கணித வாய்பாட்டை ஏறத்தாழ அதன் வடிவிலேயே எழுதலாம். அதனை இயந்திர மொழிக்கு மாற்றும் வேலையைத் தொகுப்பி என்னும் மற்றொரு நிரல் செய்யும். அக்கால நிரலாளர் பலர் இதனை நம்ப மறுத்தனர். தம்மை மறைபொருள் காக்கும் குருமார் போலக் கருதியிருந்தனர் அவர்கள் என்று பக்கஸ் பின்னாளில் எழுதினார். கல்வி எங்கெல்லாம் பரவத் தலைப்பட்டதோ அங்கெல்லாம் அதைக் காவல்செய்தோர் எழுப்பிய குரலை நாம் அறிவோம்.

தரவைத் தேடித் தருவதற்கென 1974இல் வெளிவந்த எஸ்.கியூ.எல். போன்றவை நான்காந் தலைமுறை எனப்பட்டன. எவ்வாறு செய்வது என்று சொல்லாமல், எது வேண்டும் என்று மட்டும் இவற்றிற் சொன்னாற் போதும். தருக்க விதிகளைக் கொடுத்து விடையைப் பெறும் புரோலாக் முதலியன ஐந்தாந் தலைமுறையிற் சேர்க்கப்பட்டன. 1982இல் யப்பான் இத்துறையில் பெருந்திட்டமொன்றைத் தொடங்கியது. பத்தாண்டு முயன்றும் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை.

இவ்வகுப்பு முறையை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. மூன்றாந் தலைமுறையைச் சார்ந்த 'சி' மொழியும், ஐந்தாவதைச் சார்ந்த புரோலாக்கும் 1972ஆம் ஆண்டளவில் தோன்றியவையே. ஆகவே தலைமுறை என்பது இங்கு வயதைக் குறிக்கவில்லை. இயந்திரத்தினின்று விலகி மனித மொழியை ஒரு மொழி எத்துணை அணுகியுள்ளது என்பதையே குறிக்கின்றது. முந்திய தலைமுறை மடிவதுமில்லை. எத்தலைமுறை மொழியில் எழுதினும் முடிவில் வேலைசெய்வது இயந்திரக் கட்டளையே.

மனித மொழியை அணுகுகின்றது என்கிறோம். எம்மனிதரின் மொழியை? வணிகக் கணக்குகளுக்கென 1959இல் திட்டமிடப்பட்ட கொபோல் ஆங்கிலச் சொற்களாலேயே அமைந்தது. அதற்கு வழிகாட்டிய கிரேஸ் ஹொப்பர் அம்மையார் அதற்கு முன்னரே ஒரு சோதனை செய்தார். ஒரே நிரலை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்று மொழிச் சொற்களிலும் எழுதி இயக்கிக் காட்டினார். மேலாளர்கள் பதறினர். அமெரிக்கக் கணினி அந்நிய மொழியை விளங்கிக்கொள்வதா? ஆங்கிலம் மட்டுமே ஏற்கும் என உறுதியளித்த பின்னரே வேலை தொடர்ந்தது என்று அவரே கூறியுள்ளார். இயந்திரத்துக்கு மூன்று மொழியும் ஒன்றே. ஆங்கிலத்தைத் தெரிந்தெடுத்தவர்கள் மனிதர்கள்.

தமிழிலும் இது கூடும். முத்து அண்ணாமலை 2007 முதல் உருவாக்கிய 'எழில்' மொழி அதனை மெய்ப்பித்தது. அதில் அச்சிடுவதற்குரிய கட்டளை 'பதிப்பி'. நிபந்தனையை முதலில் எழுதி, 'ஆனால்' என்ற சொல்லைப் பின்னர் வைக்கின்றனர். தமிழ் வாக்கியத்தின் இயல்பான ஒழுங்கு அதுவே.

சொற்களைத் தமிழாக்கிவிட்டால் எல்லாம் ஆகிவிடும் என நாம் கூறவில்லை. நூல்களும் உரையாடலும் தொழில் வாய்ப்பும் ஆங்கிலத்தைச் சூழ்ந்து நிற்கையில், எழில் கற்ற மாணவனும் ஒருநாள் ஆங்கிலக் கட்டளைகளைக் கற்றே ஆகவேண்டும். ஆனால் தருக்கம் என்ற புது வித்தையையும் அந்நிய மொழியையும் ஒரே வேளையில் ஒரு சிறுவன்மேல் சுமத்துதல் முறையன்று. அங்ஙனம் சுமத்திவிட்டு, விளங்காதவனை அறிவு குறைந்தவன் என்று வகுப்பறையில் ஒதுக்குதல் பெருங்கொடுமை.

இன்று சாதாரணப் பேச்சையே கட்டளையாக ஏற்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. இவையும் எழுத்து மலிந்த மொழிகளையே நன்கு கற்றுக்கொள்கின்றன. ஆகவே தமிழாசிரியனும் கணித ஆசிரியனும் ஒருங்கிருந்து, இக்கலையைத் தெளிந்த தமிழில் எழுதிக் குவித்தல் வேண்டும். காலி வீதி வகுப்பறையில் கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளையும் இயந்திரத்துக்குக் கட்டளையிடுமாறு செய்தல் நம் கடன்.