ஒதுகிற ஜின், கேட்கிற ஜின்

நண்பர் ஒருவரைப் புண்படுத்திய கவிதைக்கு நான் அன்று சொன்ன சாக்கு: ‘தானாக வந்தது.’ அரபுக் கவிதையின் வரலாற்றைப் படித்தபின் அப்படிச் சொல்லக் கூசுகிறது.

இஸ்லாத்துக்கு முந்திய அரேபியாவில் இது அலங்காரப் பேச்சல்ல, நம்பிக்கை. கவிஞனுக்கு ஒரு ஜின் துணையுண்டு. அது காதில் ஓதும், இவன் வாய்விட்டுச் சொல்வான். அல்-அஃஷா தன் ஜின்னுக்கு மிஸ்ஹல் என்று பெயரே சொன்னான். பித்தனைக் குறிக்கும் ‘மஜ்னூன்’ என்ற சொல்லும் ஜின்னோடு ஒரே வேரில் பிறந்தது.

மக்காவில் முகம்மது நபி ஓதத் தொடங்கியபோது எதிரிகள் எறிந்த வசைகளில் இரண்டு: கவிஞர், மஜ்னூன். இரண்டும் ஏறக்குறைய ஒரே குற்றச்சாட்டு. ஆகவே குர்ஆன் மறுத்தது வெறும் வசையை அல்ல. சொல் எங்கிருந்து வருகிறது என்பது பற்றிய ஒரு கொள்கையை. ஜின்களை அது இல்லையென்று சொல்லவில்லை. நெருப்பிலிருந்து படைக்கப்பட்டவை அவை. நல்லவையும் கெட்டவையும் உண்டு. ஷைத்தான்கள் இறங்குவது பொய்யர்கள்மீது என்கிறது 26ஆம் அத்தியாயம். கவிஞர்கள் செய்யாததைச் சொல்பவர்கள் என்கிறது. நம்பிக்கை கொண்டு நற்செயல் புரியும் கவிஞர்களுக்கு மட்டும் விலக்கு. 72ஆம் அத்தியாயத்தில் நிலைமை தலைகீழ். வானத்தில் ஒட்டுக்கேட்டுத் திரிந்த ஜின்கள் எரிகொள்ளிகளால் தடுக்கப்பட்டு, மனிதர் ஓதுவதைக் கேட்டு வியக்கின்றன. ஓதிய ஜின் கேட்கிற ஜின் ஆகிவிட்டது.

இதை இலக்கியத்தில் செய்து காட்டியவர் ஸ்பெயினில், கொர்தோவாவில் வாழ்ந்த இப்னு ஷுஹைத் (992–1035). 1009இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் அந்நகரம் சிதைந்த காலம். அவர் நூலில், இரங்கற்பா ஒன்று பாதியில் நின்றுபோக, ஒரு ஜின் குதிரைமேல் தோன்றி அடியெடுத்துக் கொடுக்கிறது. பிறகு அவரை ஜின்களின் நாட்டுக்கு அழைத்துப் போகிறது. அங்கே இம்ருல் கைஸ் முதல் முதனப்பி வரை மறைந்த கவிஞர்களின் ஜின்கள். அவற்றின் முன் தன் கவிதையைச் சொல்லி ஒப்புதல் பெறுகிறார். இலக்கணம் பேசும் வாத்தும் ஒன்றுண்டு. நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. இப்னு பஸ்ஸாமின் தொகுப்பில் சில பகுதிகளே மிஞ்சின.

கேலிதான். ஆனால் இந்த ஜின்கள் கொடுப்பது ஓரடி. கேட்பதும் எடைபோடுவதும்தான் அவற்றின் வேலை. கவிதைக்குப் பொறுப்பு மனிதன் தலையில் வந்து விழுகிறது. ஷைத்தானின்மேல் பழி போட இடமில்லை.

நண்பரிடம் இதைச் சொல்லியாக வேண்டும்: அது வந்ததல்ல, நான் எழுதியது.