ஐந்தடி வழியும் நகர வாழ்வும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் கோட்டைகளிலும் மாளிகைகளிலும் தேடுவது பெருவழக்கு. ஆனால், மக்கள் நாள்தோறும் நடந்த இடத்திலும், மழைக்கு ஒதுங்கிய இடத்திலும், நின்று பேசிய இடத்திலும் அவ்வரலாறு எழுதப்பட்டிருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சிங்கப்பூரின் பழைய கடைவீடுகளுக்கு முன்னே, தூண்களுக்கும் சுவருக்கும் இடையே நீண்டு செல்லும் கூரையிட்ட நடைவழி அத்தகைய இடங்களுள் ஒன்றாகும். தமிழர் அதனை 'ஐந்தடி' என்றனர். பேச்சு வழக்கில் அது 'அஞ்சடி' ஆயிற்று. மலாய் மக்கள் 'காக்கி லீமா' என்றனர். ஹொக்கியன் சீனரும் தம் மொழியில் அதே பொருள்படப் பெயரிட்டனர். மொழியால் வேறுபட்ட மூன்று இனத்தாரும் ஓர் அளவையே பெயராகக் கொண்டனர் என்றால், அந்த ஐந்தடி அவர்தம் வாழ்வில் பெற்றிருந்த இடம் எத்தகையது என்பது விளங்கும்.

இதன் தோற்றம் ஓர் ஆணையில் தொடங்குகிறது. 1822ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு மீண்டும் வந்த இராபிள்ஸ், நகரை ஒழுங்குபடுத்த ஒரு குழுவை அமைத்தார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் அக்குழுவுக்கு அவர் அளித்த அறிவுரைகளில் கட்டட அமைப்பும் இடம்பெற்றது. கடைத்தெருவின் வீடுகள் கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும். ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறிப்பிட்ட அகலமுள்ள தாழ்வாரம் இருக்க வேண்டும். அது தெருவின் இருபுறமும் தொடர்ந்து செல்லும் மூடிய வழியாக எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பன அவற்றின் கருத்து. ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கும் மிகுதியாக மழை பொழியும் தீவில், கொளுத்தும் வெயிலுக்கும் திடீர் மழைக்கும் இடையே நடப்போர்க்கு இஃது ஏற்ற ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

செங்கல் கட்டடங்கள் எழுந்த கதையில் தமிழர்க்கும் பங்குண்டு. 1819ஆம் ஆண்டில் பினாங்கிலிருந்து இராபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை, தஞ்சோங் பகார்ப் பகுதியில் செங்கற்சூளை அமைத்துக் கட்டட ஒப்பந்தக்காரராக விளங்கினார். பின்னாளில் இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கைதிகளும் செங்கல் அறுத்தனர், சாலை அமைத்தனர், கட்டடங்கள் எழுப்பினர். நகரின் சுவர்களில் பெயரற்ற பலருடைய உழைப்பும் கலந்துள்ளது.

கடைவீட்டின் அமைப்பு எளிமையானது. ஆயினும் நுட்பம் நிறைந்தது. ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவருக்கு மர உத்திரங்கள் பாய்ச்சப்பட்டதால், உத்திரத்தின் நீளத்தை ஒட்டியே வீட்டின் அகலமும் அமைந்தது. ஆகவே முகப்பு குறுகியது. உட்புறம் மிக நீண்டது. நடுவே வானம் பார்த்த முற்றம் வெளிச்சமும் காற்றும் தந்தது. கீழே வணிகம், மேலே குடியிருப்பு. மேல்தளம் முன்னோக்கி நீண்டு தூண்களின்மேல் அமர்ந்தது. கீழே வழிநடையருக்கு விட்ட இடத்தை உரிமையாளர் மேலே அறையாகப் பெற்றார். 1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் அழிவுற்ற கோலாலம்பூர், செங்கல்லும் ஓடும் கொண்டு மீண்டும் எழுந்தபோது அங்கும் இவ்வமைப்பே பரவியது.

ஆயினும், இவ்வமைப்பினுள்ளேயே ஒரு சிக்கலும் இருந்தது. நிலம் தனியாருக்கு உரியது. வழியோ அனைவருக்கும் உரியது. வணிகர் அரிசி மூட்டைகளையும் துணிக்கட்டுகளையும் வெளியே பரப்பினர். முடிதிருத்துவோரும் செருப்புத் தைப்போரும் கடிதம் எழுதித் தருவோரும் தூணோரத்தில் தொழில் நடத்தினர். இரவில் கடை காத்த சீக்கியக் காவலர் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டார். வெற்றிலை, சுருட்டு, நாளிதழ் விற்ற சிறு கடைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டன. நடப்பதற்கென வகுத்த வழி வாழ்வதற்கான இடமாக மாறிவிட்டது.

நகராட்சி இதனைத் தடையெனக் கண்டது. 1887ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையுடன் தாழ்வாரங்களைக் காலி செய்ய முற்பட்டது. 1888ஆம் ஆண்டு பிப்ரவரியில் கடைகள் அடைக்கப்பட்டன. கல்வீச்சும் கலவரமும் மூண்டன. மூன்று நாள்கள் நகரம் நிலைகுலைந்தது. முடிவில், நடப்பதற்கு இடம் விட்டால் பொருள்கள் இருக்கலாம் என்ற இணக்கம் ஏற்பட்டது. ஐந்தடி அகலத்திற்காக ஒரு நகரமே கொந்தளித்தது வியப்பாகத் தோன்றலாம். ஆனால், அந்த ஐந்தடியில்தான் ஏழை ஒருவரின் அன்றாடச் சோறு இருந்தது. நகராட்சி கண்டது வழி; மக்கள் கண்டது வாழ்வு. இரண்டும் பொய்யல்ல.

அக்காலக் கடைவீடுகளின் உள்ளே நெருக்கடியும் கொடியது. மேல்தளங்கள் சாளரமற்ற சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தன. மருத்துவர் சிம்சன் 1907ஆம் ஆண்டு அறிக்கையில் இந்நிலையை எடுத்துக்காட்டி, வீடுகளுக்குப் பின்னே சந்துகள் அமைக்குமாறு பரிந்துரைத்தார். உள்ளே காற்றில்லாதவர்க்கு ஐந்தடியே கூடமும் படுக்கையறையுமாயிற்று. எனவே, அக்காலத்தை இன்பக் காலமாக மட்டும் பாடுவது வரலாறு ஆகாது.

1960ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றனர். 1971 முதல் 1986 வரை தெருவோர வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். குழாய் நீரும் துப்புரவும் கிட்டின. 1989ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பகுதிகள் பாதுகாப்புக்குரியவையாக அறிவிக்கப்பட்டன. தூண்கள் தப்பின, வண்ண ஓடுகள் தப்பின, ஐந்தடியும் தப்பியது. ஆனால் தூணோரத்தில் தொழில் செய்தவர் பலர் அங்கில்லை. கட்டடத்தைச் சட்டம் காக்கலாம். அதனுள் இயங்கிய வாழ்வை அவ்வாறே காத்தல் அரிது.

எனினும் ஐந்தடியின் கருத்து மறைந்துவிடவில்லை. அடுக்குமாடிக் கட்டடங்களின் தரைத்தளம் சுவரின்றித் திறந்து விடப்பட்டது. மலாய்த் திருமணமும் சீனர் இறுதிச் சடங்கும் அங்கே நடைபெறுகின்றன. முதியோர் சதுரங்கம் ஆடுகின்றனர். பேருந்து நிறுத்தங்களுக்கும் இரயில் நிலையங்களுக்கும் செல்லும் கூரையிட்ட நடைவழிகளும் அதே மரபின் வழித்தோன்றல்கள் எனலாம்.

தமிழர் வீட்டில் திண்ணை இருந்தது. வழிப்போக்கர் இளைப்பாற வீட்டுக்காரர் மனமுவந்து விட்ட இடம் அது. திண்ணையைத் தந்தது அறம். ஐந்தடியைத் தந்தது சட்டம். ஆயினும் பல இன மக்கள் அச்சட்ட வழியில் அமர்ந்து, விற்று, உறங்கி, உரையாடி அதனைத் தங்கள் திண்ணையாக்கிக் கொண்டனர். தனக்குரிய நிலத்தில் பிறர்க்கும் ஓரிடம் உண்டு என்பதே ஐந்தடி கற்பிக்கும் பாடம். அந்த இடத்தை அளந்து ஒதுக்குவது ஆட்சியின் கடமை; அதில் எளியவரும் நிற்க இடங்கொடுப்பது நகரத்தார் அனைவரின் கடமை.