நீலகிரி மலை ஏரிகளில் மீன்கள் குடியேறிய வரலாறு

குன்றத்தூரை அடுத்துள்ள செம்பரம்பாக்கம் போன்ற சமவெளி ஏரிகளில் விரால், கெளுத்தி, கெண்டை முதலிய நாட்டு மீன்கள் இயல்பாகவே வாழ்கின்றன. மழைக்காலத்தில் வாய்க்கால்கள் வழியே அவை ஏரிக்கு ஏரி பரவும். நீலகிரியின் உயர்ந்த பகுதியில் நிலைமை வேறு. அங்குள்ள உதகமண்டலம் ஏரியும் மனிதர் அமைத்ததே. அதில் தூண்டிலில் சிக்கும் பெரிய மீன்களும் மனிதர் கொண்டுவந்து விட்டவையே.

ஏரியும் சட்டமும்

உதகமண்டலம் ஏரி, கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவனின் முயற்சியால் 1823 முதல் 1825 வரை அமைக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளதால் நீர் குளிர்ச்சியாக இருக்கும். தூண்டில் போடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஆங்கிலேயர், தம் நாட்டு மீன்களை இங்கே வளர்க்க விரும்பினர். டென்ச் என்னும் ஐரோப்பிய மீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கு வந்தது. 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஓடைகளிலும் ஏரிகளிலும் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுக்க அது அரசுக்கு அதிகாரம் அளித்தது.

டிரவுட்

அவர்கள் பெரிதும் விரும்பியது டிரவுட் மீனை. மீனியல் அறிஞரான மருத்துவர் பிரான்சிஸ் டே 1860-களில் மேற்கொண்ட முயற்சி பலிக்கவில்லை. டிரவுட் முட்டைகளை வழிநெடுகக் குளிர்ச்சியாக வைத்திருந்தால்தான் அவை பிழைக்கும். வெப்பக் கடல்களைக் கடக்கும் பயணத்தில் அது எளிதன்று. பின்னர் எச்.சி. வில்சன் முயன்று வெற்றி கண்டார். 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது. ஆனால் இம்மீன் சரளைக்கற்கள் நிறைந்த ஓடும் நீரில்தான் முட்டையிடும். தேங்கிய ஏரியில் விட்டால் மட்டும் பெருகாது. ஆகவே பொரிப்பகத்தின் துணை தேவைப்படுகிறது.

சாதாக்கெண்டை

1939-இல் இலங்கையிலிருந்து சாதாக்கெண்டையின் ஒரு வகையான கண்ணாடிக் கெண்டை நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. அது தேங்கிய நீரில் நீர்த்தாவரங்களின் மேல் முட்டையிடும். புழு, பூச்சி, செடி எதையும் தின்னும். அதனால் எளிதில் பெருகியது. 1947-இல் இங்கிருந்து குமாவுன் மலைப்பகுதிக்கும் கொண்டுசெல்லப்பட்டது.

உணவு மீன் என்ற வகையில் இது பயனுள்ளதே. எனினும் அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கி, செடிகளை வேரோடு பெயர்க்கும் இயல்பு இதற்கு உண்டு. காஷ்மீர் ஏரிகளில் நாட்டு மீன்கள் குறைந்ததற்கு இதன் வருகையும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இன்றைய நிலை

பெரும் முயற்சியுடன் வளர்த்த டிரவுட் இன்றும் தூய குளிர்நீரையும் மனிதரின் கவனிப்பையும் நம்பியே உள்ளது. உதகமண்டலம் ஏரியிலோ நகரக் கழிவுநீர் கலப்பது நெடுநாள் சிக்கலாகத் தொடர்கிறது. கலங்கிய நீரையும் தாங்கும் சாதாக்கெண்டைக்கே அங்கு வாய்ப்பு அதிகம். ஒரு மீனை ஏரியில் விடுவது ஒருநாள் வேலை. பெருகிய பின் அதை முழுவதும் அகற்றுவது ஏறக்குறைய இயலாதது. புதிய மீன்களை நீர்நிலைகளில் விடுவதற்கு முன் ஆராய வேண்டியதன் தேவையை நீலகிரியின் வரலாறு காட்டுகிறது.